விழுந்ததா, போட்டாயா?
ஆங்கிலம் வழியே ஸ்பானிஷ் படிப்பது பற்றிச் சில குறிப்புகள்

திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கிய ஒரு புத்தகத்தை வைத்துத்தான் நான் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கினேன். அட்டை கிழிந்துபோன பழைய புத்தகம். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பயணி ஒருவர் ஸ்பானிஷ் பேசும் நாட்டில் போய் இறங்கினால் என்னவெல்லாம் பேசவேண்டியிருக்கும் என்பதற்காக எழுதப்பட்டது. ‘பெட்டியை மேலே கொண்டு போ’, ‘தண்ணீர் சூடாக இல்லை’, ‘விலை அதிகம்’, ‘இங்கே ஆங்கிலம் பேசுகிறவர் யாரும் இருக்கிறார்களா?’ இப்படியே பக்கம் பக்கமாக. பெட்டி தூக்குகிறவனுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. அவன் கேட்கிறான், செய்கிறான், போகிறான். இலக்கணப் பகுதியிலும் ஏவல் வினைதான் முதலில் வருகிறது. ‘எடு’, ‘கொண்டு வா’, ‘சுத்தம் செய்’. ‘முடியாது’ என்று சொல்வது எப்படி என்பதை ஐம்பது பக்கம் தள்ளித்தான் தெரிந்துகொள்ள முடிந்தது.

இதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்ல வரவில்லை. முப்பது நாளில் மொழி கற்பிக்கும் நம்மூர்ப் புத்தகங்களும் இந்த ரகம்தான். என்னை உறுத்தியது வேறொன்று. அந்தப் புத்தகத்தை நான் எப்படி வாசித்தேன்? ஸ்பானிஷ் வாக்கியத்தைப் பார்ப்பேன், ஆங்கிலத்தில் அதன் பொருளைப் பிடிப்பேன், பிறகு தமிழில் நினைத்துக்கொள்வேன். மூன்று படி. நடுப்படியில் ஒரு தரகர் உட்கார்ந்திருக்கிறார். அவர் எதை எடுத்துக்கொண்டு எதைக் கொடுக்கிறார் என்று வெகுநாள் கணக்குப் பார்க்கவே இல்லை.

சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இந்தத் தரகர் பழக்கமானவர்தான். போர்ஹெஸ், கொர்த்தஸார், மார்க்வெஸ், நெரூதா என்று எழுபதுகள் தொடங்கி நாம் படித்துக் கிறங்கியதெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. அந்த மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. அவர்கள் இல்லாவிட்டால் நமக்கு அவையெல்லாம் கிடைத்தே இருக்காது. ஆனாலும், ஸ்பானிஷும் தமிழும் நேராகப் பார்த்துக்கொள்ளும் சில இடங்கள் உண்டு. ஆங்கிலம் நடுவில் நிற்கும்போது அந்த இடங்களில் இருட்டடித்துவிடுகிறது. அப்படி இரண்டு மூன்று இடங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைகிறது. உள்ளேயிருந்து அம்மா கேட்கிறாள்: ‘என்னடா சத்தம்?’

‘டம்ளர் விழுந்துருச்சும்மா.’

‘தானா விழுந்துச்சா, நீ போட்டியா?’

‘கை தவறிப்போச்சு.’

இந்த மூன்றாவது பதிலைக் கவனிக்கவேண்டும். டம்ளர் தானாக விழவில்லை. நானும் அதைப் போடவில்லை. என் கை வழியாக, என்னை மீறி, ஒன்று நடந்துவிட்டது. பொறுப்பு எனக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை; என் விருப்பம் அதில் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ஸ்பானிஷில் இதற்கு மூன்றே சொற்கள் போதும்: ‘செ மெ கயோ’. ‘கயோ’ என்றால் விழுந்தது. ‘மெ’ என்றால் எனக்கு. ‘செ’ என்பது வினையைத் தன்மேலேயே மடக்கிவிடும் ஒரு சிறு சொல். சேர்த்துப் பார்த்தால், ‘எனக்கு விழுந்துபோச்சு’. வினை டம்ளரோடு ஒட்டிக்கொள்கிறது. நான் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன், நடந்தது வந்து சேர்கிற இடமாக. மறதிக்கும் இதே அமைப்புதான்: ‘செ மெ ஒல்விதோ’, எனக்கு மறந்துபோச்சு. சோறு அடிப்பிடித்தாலும், சாவி தொலைந்தாலும், செருப்பு அறுந்தாலும் இதே அச்சு. தமிழ்க் காதுக்கு இதில் விளக்கவேண்டியது ஒன்றுமே இல்லை.

என் புத்தகம் இதை ஒன்றரைப் பக்கம் விளக்கியது. ‘எதிர்பாராத நிகழ்வுகளின் செ’ என்று பெயர் வைத்து, விதி சொல்லி, பயிற்சி கொடுத்து, கடைசியில் ஆங்கிலத்தில் பொருள் எழுதியிருந்தது: ‘ஐ டிராப்ட் த கிளாஸ்’. நான் டம்ளரைப் போட்டேன்! ஆங்கிலத்தில் இயல்பாகச் சொன்னால் அப்படித்தான் சொல்லவேண்டும். ‘த கிளாஸ் ஃபெல்’ என்றால் மழுப்புகிறாய் என்பார்கள். எழுவாயில் வந்து நின்று, செய்தேன் என்று ஒப்புக்கொள்வதுதான் அங்கே நாகரிகம். வேண்டுமென்றே செய்தாயா என்பது பிறகு தனியாகக் கேட்கப்படும்.

டம்ளருக்கு இது போதும். மனுஷிக்கு?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த போலீஸ் விசாரணைகளின் எழுத்துப் பதிவுகளை லூனா ஃபிலிப்போவிச் என்ற மொழியியலாளர் ஆராய்ந்திருக்கிறார். ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த ஒருவர், ஆங்கிலத்தில் கேட்கும் அதிகாரி, நடுவில் ஒரு துபாஷ். மாடிப்படியில் ஒரு பெண் விழுந்திருக்கிறாள். அதிகாரியின் கேள்வி என் அம்மாவின் கேள்விதான்: அவள் விழுந்தாளா, நீ போட்டாயா? அந்த ஆளின் பதில்: ‘செ மெ கயோ’. கேட்கப்பட்ட இரண்டில் எதுவுமே இல்லை அது. அவன் கையிலிருந்து அவள் தவறினாள் என்கிறான். ஆங்கிலத்தில் அந்த மூன்றாவது பதிலுக்கு நாற்காலி இல்லை. ‘போட்டேன்’ என்று மொழிபெயர்த்தால் அது கிட்டத்தட்ட ஒப்புதல் வாக்குமூலம். ‘விழுந்தாள்’ என்றால் அவன் அங்கே இல்லவே இல்லை என்பதுபோல் ஆகிவிடும். அவன் நிஜமாகவே கைதவறவிட்டானா, பொய் சொன்னானா என்பது வேறு வழக்கு. அவன் சொன்னது என்ன என்பதே பதிவில் நிற்காமல் போகலாம் என்பதுதான் இங்கே விஷயம்.

இதையொட்டி ஓர் ஆய்வும் உண்டு. கெயிட்லின் ஃபாஸி, லெரா பொரோடிட்ஸ்கி என்ற இருவர் 2011இல் வெளியிட்டது. ஒருவர் பலூனைக் குத்தி உடைக்கிறார். இன்னொருவர் கைபட்டுத் தற்செயலாக உடைந்துபோகிறது. இம்மாதிரிப் படத்துண்டுகளை ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கும் ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கும் காட்டினார்கள். வேண்டுமென்று செய்தவற்றில் யார் செய்தது என்பதை இரு தரப்பும் ஒரே அளவு நினைவு வைத்திருந்தது. தற்செயலாக நடந்தவற்றில் மட்டும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் ஆளை அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். மொழி எதைச் சொல்லக் கட்டாயப்படுத்துகிறதோ அதைக் கண்ணும் பிடித்துவைத்துக்கொள்கிறது போலும்.

இதைப் படித்தவுடன் நம் நண்பர்கள் சிலர் துள்ளக்கூடும். மேற்கத்தியத் தனிமனிதவாதம், ‘நான்’ என்ற எழுவாயின் வன்முறை, நம்முடையதோ கருணையுள்ள இலக்கணம் என்றெல்லாம். கொஞ்சம் பொறுக்கவேண்டும். டம்ளர் உடைத்த பையனைக் காப்பாற்றும் அதே ‘செ’, அரசாங்கத்தின் வாயில் ஏறும்போது என்ன ஆகிறது? ‘தவறுகள் நிகழ்ந்தன’ என்று அறிக்கை வாசிக்க ஸ்பானிஷில் அந்தச் ‘செ’ மிகவும் தோது. தமிழ் மட்டும் என்ன யோக்கியம்? ‘உடைந்தது’, ‘உடைத்தது’, ‘எரிந்தது’, ‘எரித்தது’. நடுவில் ஒரு மெல்லினம் வல்லினமாக மாறினால்தான் செய்தவன் உள்ளே வருகிறான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் இருந்த குடிசை எரிந்ததா, எரிக்கப்பட்டதா? 1973இல் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தபோது ‘எரிந்தது’ மட்டும்தான் மிஞ்சியது. ஆகவே இலக்கணம் யாருக்கும் கட்சி கட்டுவதில்லை. இந்த வாசலை யார் திறக்கிறார், எதற்காக என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

*

அடுத்தது ‘நீ’.

ஸ்பானிஷில் எதிரே இருப்பவரைச் சுட்ட ‘தூ’ உண்டு, ‘உஸ்தெத்’ உண்டு. அர்ஜென்டினா, உருகுவே, மத்திய அமெரிக்க நாடுகள் சிலவற்றில் ‘தூ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘வோஸ்’ இருக்கிறது. ‘உஸ்தெத்’ என்பது ‘வுவெஸ்த்ரா மெர்ஸெத்’, அதாவது ‘தங்கள் கருணை’ என்பது தேய்ந்து வந்தது. நம் ‘தங்கள் சித்தம்’ மாதிரி. பாடப்புத்தகம் ‘தூ’வை நெருக்கத்துக்கும் ‘உஸ்தெத்’தை மரியாதைக்கும் என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் கொலம்பியாவின் பொகோதா பக்கம் புருஷன் பெண்டாட்டிகூட ‘உஸ்தெத்’ போட்டுக்கொள்வதுண்டு. ‘ஏங்க’ என்று கூப்பிடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

ஆனால் இந்த ‘நெருக்கம்’ என்ற சொல்லில் ஒரு ஏமாற்று இருக்கிறது. குவாத்தமாலாவிலும் மெக்சிகோவின் சியாபாஸ் மலைப்பகுதியிலும், ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசும் லதினோக்கள் பூர்வகுடியினரை வயது வித்தியாசம் பாராமல் ‘தூ’ அல்லது ‘வோஸ்’ என்று அழைத்து, தங்களுக்கு ‘உஸ்தெத்’தை எதிர்பார்ப்பது நெடுநாள் வழக்கம். பத்து வயசுப் பையன் அறுபது வயசுக்காரரை நீ என்பான். அவர் திருப்பி நீங்கள் என்னவேண்டும். இதற்கு விளக்கவுரை வேண்டுமா? நம் கிராமங்களில் இது எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் நடுவில் நடந்தது, நடக்கிறது என்று நமக்குத் தெரியும். ஆங்கிலத்திலோ இரண்டும் ‘யூ’. ஒரு மெக்சிக நாவலை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறவர் ஒவ்வொரு ‘யூ’வுக்கும் முன்னால் நின்று நீயா, நீங்களா என்று ஊகிக்கவேண்டியிருக்கிறது. மூலத்தில் தெளிவாக இருந்தது. தமிழிலும் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. நடுவில் அழிந்துபோனதை நாம் நம்மூர் வழக்கத்தை வைத்து நிரப்புகிறோம். வேலைக்காரி என்றால் ‘நீ’, எஜமானர் என்றால் ‘நீங்கள்’. மூலத்தில் அந்த வேலைக்காரி எந்த இடத்தில் ‘தூ’வுக்கு மாறினாள் என்பதுதான் ஒருவேளை கதையாக இருந்திருக்கும்.

ஆங்கிலத்துக்கு இது எப்போதும் இல்லாமல் இருந்ததில்லை. ‘தௌ’ என்ற ஒருமை இருந்தது. ‘யூ’ பன்மை, மரியாதைக்கும் அதுவே. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் குவேக்கர்கள் எனப்பட்ட கிறிஸ்தவக் குழுவினர் நீதிபதி, பிரபு என்று பாராமல் எல்லாரையும் ‘தௌ’ என்றே அழைத்தார்கள், தொப்பியையும் கழற்ற மறுத்தார்கள். அடியும் சிறையும் பட்டார்கள். கடைசியில் ஆங்கிலத்தில் சமத்துவம் வந்தது, ஆனால் அவர்கள் கேட்ட திசையில் அல்ல. ‘தௌ’ பொதுவழக்கிலிருந்து செத்துப்போய் எல்லாரும் ‘யூ’ ஆனார்கள்.

1936 டிசம்பரில் பார்சலோனாவுக்குப் போன ஜார்ஜ் ஆர்வெல், அங்கே யாரும் யாரையும் ‘உஸ்தெத்’ என்று சொல்வதில்லை, எல்லாரும் ‘தூ’தான், ‘தோழர்’தான் என்று ‘கேட்டலோனியாவுக்கு வணக்கம்’ நூலில் (1938) பதிவு செய்கிறார். அதை ஆங்கில வாசகருக்குச் சொல்ல அவர் செத்துப்போன ‘தௌ’வைத் தோண்டி எடுக்கவேண்டியிருந்தது. ஆங்கிலக் காதில் இன்று ‘தௌ’ என்றால் ஜெபம், பைபிள். தெருவில் துப்பாக்கியோடு நிற்கும் தொழிலாளிகள் ஒருவரையொருவர் ‘நீ’ போடுகிற வாசனை அதில் இல்லை.

சமத்துவம் கீழ்நோக்கியா, மேல்நோக்கியா என்பது சுவாரசியமான கேள்வி. ஸ்பெயினின் அராஜகவாதிகள் எல்லாரையும் ‘தூ’வுக்கு இறக்கினார்கள். சின்னப் பையன்களையும் ‘வாங்க’ என்று அழைத்ததாகச் சொல்லப்படும் பெரியார் எல்லாரையும் மேலே ஏற்றப் பார்த்தார். ‘டேய்’ என்றே அழைக்கப்பட்டு வந்த ஜனங்களிடம் போய், ‘தோழமைக்காக இனி எல்லாரும் நீ, நான்’ என்று சொன்னால் அவர்களுக்கு என்ன புதிதாகக் கிடைக்கும்? நம் இயக்கங்களில் ‘தோழர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருகிற வினைமுற்று எது, ‘வா’வா, ‘வாங்க’வா, அது யாரிடம் எப்படி மாறுகிறது என்று யாராவது குறித்து வைத்திருக்கலாம்.

பிரதிப்பெயர் ஒன்றானால் படிநிலை ஒழிந்துவிடும் என்பதும் இல்லை. அது வேறு சொல்லுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பர்கள் ‘யூ’தான், ஆனால் எழுபது வயதானாலும் ‘பையா’, இல்லையென்றால் வெறும் பெயர். 1963இல் அலபாமா மாநில நீதிமன்றத்தில், சிவில் உரிமை இயக்கத்தைச் சேர்ந்த மேரி ஹாமில்டன் என்ற பெண், தன்னை ‘மிஸ் ஹாமில்டன்’ என்று அழைக்காமல் ‘மேரி’ என்று கூப்பிட்ட அரசு வக்கீலுக்குப் பதில் சொல்ல மறுத்தார். அவமதிப்பு என்று தண்டித்தார்கள். 1964இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஓர் அடைமொழிக்காக உச்சநீதிமன்றம் வரை!

*

சொற்கள் விஷயத்தில் அதிகம் நிற்க இடமில்லை. ஆனாலும் ஒன்றிரண்டு.

ஆங்கிலமும் ஸ்பானிஷும் லத்தீன் சொற்களை ஏராளமாகப் பகிர்ந்துகொள்வதால், ‘உங்களுக்கு ஏற்கெனவே ஆயிரம் ஸ்பானிஷ் சொற்கள் தெரியும்’ என்று ஆசை காட்டாத பாடப்புத்தகம் அபூர்வம். 1980இல் ஃபுளோரிடாவில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டார் ‘இன்தோக்ஸிகாதோ’ என்றார்கள். சாப்பிட்டதில் ஏதோ விஷமாகிவிட்டது என்பது அவர்கள் சொல்ல வந்தது. கேட்டவர்கள் காதில் ‘இன்டாக்ஸிகேட்டட்’ என்று விழுந்தது: போதை. போதை மருந்து அதிகமாகிவிட்டது என்றே வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் மூளைக்குள் ரத்தக்கசிவு. இரண்டு நாளுக்குமேல் கழித்துத்தான் தெரிந்தது. கைகால் நான்கும் நிரந்தரமாகப் போய்விட்டன. பிறகு வழக்காகி, ஆயுள் முழுவதற்குமான செலவாகச் சுமார் 71 மில்லியன் டாலருக்கு உடன்பாடு ஆனது. துபாஷ் யாரையும் கூப்பிடவில்லை. ஏனென்றால் எல்லாருக்கும் அந்தச் சொல் ‘தெரிந்திருந்தது’. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பார்கள்.

மருந்துப் புட்டியில் ‘ஒன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் ஒரு தடவை. அதே நான்கு எழுத்து ஸ்பானிஷில் ‘ஓன்ஸே’, பதினொன்று. இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆங்கிலத்தைச் சுருக்கி உலகத்துக்கு விநியோகிக்க சி.கே. ஆக்டன் 1930இல் ‘பேசிக் இங்கிலீஷ்’ என்று ஒன்றை முன்வைத்தார். மொத்தம் 850 சொற்கள். வினைகள் பதினெட்டே. 1943இல் ஹார்வர்டில் பேசிய சர்ச்சில் இதை ஆதரித்து, இனிவரும் சாம்ராஜ்யங்கள் மனத்தின் சாம்ராஜ்யங்களாக இருக்கும் என்ற பொருள்படச் சொன்னார். ஒளிவுமறைவே இல்லை! நமக்கு இதில் கவனிக்கவேண்டியது இன்னொன்று. வினைகளைக் குறைத்தால் மொழி எளிதாகிவிடுமா? ‘புட்’ தெரியும், ‘அப்’ தெரியும், ‘வித்’ தெரியும். மூன்றையும் சேர்த்து ‘புட் அப் வித்’ என்றால் ‘சகித்துக்கொள்’ என்று எந்தக் கடவுள் வந்து சொல்வார்? ‘கிவ் அப்’ கைவிடுவது, ‘கிவ் இன்’ பணிந்துபோவது. ஒரு தொழிற்சங்கக்காரருக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் உலகமே இருக்கிறது. ஸ்பானிஷில் ‘அகுவான்தார்’ என்று ஒரே சொல், ‘தாக்குப் பிடி’, ‘பொறுத்துக்கொள்’. அகராதியில் பார்த்தால் கிடைக்கும். ஆங்கிலத்தின் இந்தச் சின்னச் சொற்கள் அகராதியில் இல்லாத கூட்டணிகளில் வாழ்கின்றன. அந்த மொழிக்காரர்களோடு தினசரி புழங்குகிறவனுக்குத்தான் பிடிபடும். 850 சொல் படித்து முடித்தவனும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறான்.

இதற்கு எதிர்ப்புறத்தில், ஆங்கிலம் பேசும் அமெரிக்கர் ஸ்பானிஷை எடுத்துக்கொள்ளும் விதம் இருக்கிறது. ‘நோ ப்ராப்ளெமோ’ என்பார்கள். அப்படி ஒரு ஸ்பானிஷ் சொல்லே இல்லை, அது ‘ப்ரொப்ளேமா’. எதற்கும் பின்னால் ஓர் ஓகாரத்தை ஒட்டினால் ஸ்பானிஷ் ஆகிவிடும் என்ற நினைப்பு. ‘டெர்மினேட்டர் 2’ படத்தில் (1991) ஷ்வார்ஸ்நெகர் சொல்லும் ‘ஆஸ்தா லா விஸ்தா’வைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. ஸ்பெயினில் அதே படத்தை ஸ்பானிஷில் வெளியிட்டபோது அந்த இடத்தில் ‘சயோனாரா’ என்று ஜப்பானியத்தைப் போட்டார்கள். வேடிக்கை வேறொருவர் மொழியில்தானே இருக்கவேண்டும்? மானிடவியலாளர் ஜேன் ஹில் இதைப் ‘பகடி ஸ்பானிஷ்’ என்று பெயரிட்டு விரிவாக எழுதினார். ஒருவன் கொச்சையாகப் பேசினால் நகைச்சுவை. இன்னொருத்தி பள்ளி இடைவேளையில் சரியாகப் பேசினால் விரல் முட்டியில் அடி. டெக்சாஸில் தான் பட்ட அந்த அடியை க்ளோரியா அன்ஸல்துவா ‘எல்லைநிலங்கள்’ நூலில் (1987) எழுதியிருக்கிறார்.

*

முதல் பாடத்தில் எந்தச் சொல் வருகிறது என்பதற்குத் திரும்புகிறேன். ஸ்பானிஷுக்கு முதல் இலக்கணம் எழுதிய அந்தோனியோ தெ நெப்ரிஹா அதை ராணி இஸபெல்லாவுக்குக் காணிக்கையாக்கினார். 1492 ஆகஸ்ட் 18, சலமான்காவில் வெளிவந்தது. கொலம்பஸ் கப்பலேறிப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. மொழி எப்போதும் பேரரசின் துணை என்று முன்னுரையில் எழுதுகிறார். ராணி வெல்லப்போகும் ஜனங்கள் அவளுடைய சட்டங்களையும் மொழியையும் படிக்க இந்நூல் உதவும் என்கிறார். ஐந்தாம் பகுதி முழுவதும் அயல்மொழிக்காரர்களுக்கு. என் நடைபாதைப் புத்தகத்தின் கொள்ளுத்தாத்தா அதுதான்.

1961இல் கியூபாவில் எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது சுமார் ஒரு லட்சம் இளைஞர்கள் கிராமங்களுக்குப் போனார்கள். அந்த ஓராண்டில் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றார்கள். ‘வெல்வோம்’ என்று பெயரிட்ட அந்தப் பாடநூலின் முதல் பாடம் ‘ஓ.எ.ஆ.’, அமெரிக்க நாடுகள் அமைப்பின் ஸ்பானிஷ் சுருக்கம். மூன்று உயிரெழுத்து, ஒரு அரசியல் விவாதம். சாமர்த்தியம்தான். ஆனாலும் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது ஹவானா, கரும்பு வெட்டுகிறவர் அல்ல. பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே செய்தது வேறு. முதலில் அந்த இடத்துக்குப் போய் ஜனங்கள் புழங்கும் சொற்களைச் சேகரிப்பது, அவற்றிலிருந்து பாடத்தைக் கட்டுவது. செங்கல்லைக் குறிக்கும் ‘திஜோலூ’ அப்படி வந்த சொல். 1964 ராணுவப் புரட்சிக்குப் பிறகு நாடு கடந்து சிலியில் இருந்தபோது இதே வேலையை ஸ்பானிஷில் செய்தார். அறிவொளி வகுப்புகளில் லாந்தர் வெளிச்சத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரியும். ‘அ’வுக்கு ‘அணில்’ என்றவுடன் கொட்டாவி விட்ட பெண்கள் ‘கூலி’ என்று எழுதும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

*

எழுவாய் இல்லாத வாக்கியத்தின் இன்னொரு முகம். 1972இல் அரிசோனாவில், விவசாயத் தொழிலாளர் தலைவர் ஸேஸர் சாவெஸ் உண்ணாவிரதம் இருந்தார். அந்த மாநிலத்தில் ஒன்றும் நடக்காது என்று உள்ளூர்க்காரர்கள் கைவிரித்தபோது தொலோரெஸ் வெர்த்தா சொன்ன பதில் ‘ஸி, செ புவெதெ’. இதில் ‘நாம்’ இல்லை. தமிழில் அப்படியே ஒரு சொல் இருக்கிறது: ‘முடியும்’. யாரால் என்று சொல்லவேண்டிய அவசியமே இல்லாத ‘முடியும்’. 2008 தேர்தலில் ஒபாமா இதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது ‘யெஸ் வி கேன்’ ஆனது. ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வினை நிற்காது என்பதால் ஒரு ‘நாம்’ வந்து சேர்ந்தது. எந்த நாம், யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வியும் கூடவே வந்தது. 2001 டிசம்பரில் அர்ஜென்டினாத் தெருக்களில் சட்டி தட்டிக்கொண்டு ஜனங்கள் எழுப்பிய ‘கெ செ வாயான் தோதோஸ்’ இன்னும் சுலபம்: ‘எல்லாரும் போகட்டும்’. ஸ்பானிஷில் சப்ஜங்டிவ் என்று மாணவர்களை மாதக்கணக்கில் அழவைக்கும் வினைவடிவம் இந்த இடத்தில் நம் ‘-அட்டும்’ மட்டுமே. ‘தொலையட்டும்’ என்றால் இன்னும் பொருத்தம்.

கடைசியாக ஒரு சொல். ‘தெஸாபரெஸெர்’, காணாமல் போ. தன்வினை, ஒருவர் தானாகக் காணாமல் போவார், அவ்வளவுதான். அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. 1979இல் பத்திரிகையாளர் கேட்டபோது ராணுவத் தலைவர் விதேலா, காணாமல் போனவன் என்றால் இல்லாதவன், உயிரோடும் இல்லை, செத்தும் இல்லை என்று இலக்கணப் பாடம் நடத்தினார். 1977 ஏப்ரல் 30 முதல் மாயோ சதுக்கத்தில் நடந்த தாய்மார்கள் ‘எங்கே இருக்கிறார்கள்?’ என்றார்கள். காலப்போக்கில் ஜனங்கள் அந்த வினையையே திருகிவிட்டார்கள். ‘லோ தெஸாபரெஸியெரோன்’: அவனை அவர்கள் காணாமல் போனார்கள்! பள்ளிக்கூட இலக்கணப்படி பிழை. ஆனால் செயப்படுபொருள் வந்துவிட்டது. பின்னாலேயே செய்தவனும் வந்தாகவேண்டும். ஆங்கிலமும் இந்தப் பிழையைக் கடன் வாங்கிக்கொண்டது.

தமிழில் அந்தத் திருகலை இலங்கைத் தாய்மார்கள் செய்தார்கள். அரசு 2016இல் சட்டம் இயற்றி அமைத்த அலுவலகத்தின் பெயர் ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் கொட்டகை போட்டுப் படங்களோடு உட்கார்ந்தவர்களின் பதாகைகளில் இருந்தது ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’. ‘போ’ என்ற வினை போய் ‘ஆக்கு’ வந்திருக்கிறது. என் பிள்ளை காணாமல் போகவில்லை, நான் என் கையால்தான் ராணுவத்திடம் ஒப்படைத்தேன் என்று அவர்களில் பலர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் இருப்பது ஆங்கிலத்தின் ‘மிஸ்ஸிங் பெர்ஸன்ஸ்’ என்பதன் நேர் மொழிபெயர்ப்பு. மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் தலைப்பில் இன்னமும் எந்த வினையை எழுதுவது என்று அங்கே தகராறு செய்யவேண்டியிருக்கிறது.